முதல் வளரும் ஊர்

அக்குரேரியில் மூன்று மணிக்கே இருட்டிவிட்டது.
சமையலறை மேசையில் ஸ்வாவா
இரண்டு தாள்களை அருகருகே வைத்துப் பார்க்கிறாள்,
இரண்டு மீன்களில் எது பழசு என்று
செவுளைத் தூக்கிப் பார்ப்பவளைப் போல.

விற்பனைக்கு வந்திருப்பது
நெளிதகடு போர்த்திய சிவப்பு வீட்டின் கீழ்த்தளம்.
நாங்கள் குடியிருக்க அல்ல, வாடகைக்கு.
விலை நாற்பத்தொன்பது மில்லியன் குரோனா.
கையில் பன்னிரண்டு:
மீன் ஆலையில் பதினேழு வருடம் அவள் எழுதிய கணக்கு,
நான் விற்ற பாதிப் படகு.
(மற்ற பாதி தம்பியுடையது. இன்னும் கடலுக்குப் போகிறது.)

முதல் தாளில் வட்டி பத்து விழுக்காடு.
வருகிற வாடகையை வாசலிலேயே வாங்கிக்கொண்டு
மேலும் எண்பதாயிரம் கேட்கும்.

இரண்டாம் தாள் சாது.
விலைவாசியோடு கட்டிவிட்ட கடன்.
தவணை பாதிதான். வரி, காப்பீடு, கூரைக்குச் சாயம்
எல்லாம் போக முப்பதாயிரம் மிச்சம்.
ஆனால் ஒரு வருடம் ஒரு நாள் பிசகாமல் கட்டினால்
முப்பத்தேழு முப்பத்தெட்டரை ஆகியிருக்கும்.
வட்டி குட்டி போடும் என்றுதான் கேட்டிருக்கிறேன்.
இங்கே முதலே குட்டி போடுகிறது.

"வீட்டு விலையும் ஏறுமே," என்கிறேன்.
"ஏறலாம்," என்கிறாள்.
அந்த 'லாம்' மீது
பென்சிலால் இரண்டு முறை தட்டுகிறாள்.

பிறகு ஓர்ன் அனுப்பிய படங்கள்:
கழிவுக்குழாய்க்குள் கேமரா போய் வந்திருக்கிறது.
எங்கள் இருவருக்கும் மூத்த சிமென்ட் குழாய்,
விரிசலில் வேர் தாடி விட்டிருக்கிறது.
எங்கள் பங்கு இரண்டு மில்லியன் எண்ணூறாயிரம்.
அதற்குத் தனிக் கடன், ஐந்து வருடம், மாதம் அறுபத்திரண்டாயிரம்.
மிச்சமிருந்த முப்பது காணாமல் போய்
முப்பத்திரண்டாயிரம் பள்ளம் விழுகிறது.

பள்ளத்தை நிரப்ப எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.
வாடகை இருநூற்று முப்பது இப்போது.
இருநூற்று அறுபத்திரண்டு ஆக்கினால்
தாள் நேராகிவிடும்.
சொன்னேன்.

ஸ்வாவா பென்சிலைக் கீழே வைத்தாள்.

கீழ்த்தளத்தில் இருப்பவள் யோலான்டா,
மகனோடு, க்டான்ஸ்க்கிலிருந்து வந்து ஆறு வருடம்.
இரவுப் பணி, காட் மீன் துண்டு அடுக்கும் வரிசை.
அவளுடைய சம்பளச் சீட்டை
மாதாமாதம் அடிப்பவள் என் மனைவி.

"எவ்வளவு வாங்குகிறாள்?"
"அதை உன்னிடம் சொல்லக்கூடாது."
பிறகு, சன்னலின் உறைபனியைப் பார்த்தபடி,
"முப்பத்திரண்டு அங்கே இல்லை, கியார்த்தான்.
மிகைநேரம் சேர்த்தும் இல்லை."

கடன் விலைவாசியோடு கட்டப்பட்டிருக்கிறது.
வாடகை ஒப்பந்தமும்.
அவள் கூலி மட்டும்
எதோடும் கட்டப்படாமல்
தளர்ந்து தொங்குகிறது.

ஏழு மணிக்கு ஓர்னுக்கு எழுதினோம்:
நாற்பத்தாறு. குழாய் விற்பவர்கள் தலையில்.
வாடகையைப் பற்றி ஒரு வரியும் இல்லை.
அவன் பதில் உடனே வந்தது: சிரிப்பார்கள்,
இன்னொருவர் வெள்ளிக்கிழமை பார்க்க வருகிறார்.

தாள்களை மடித்து ரொட்டிப் பெட்டிக்கு அடியில் வைத்தாள்.
நான் அடுப்பை அணைத்தேன்.
வெள்ளிக்கிழமை வருகிறவனும்
இதே குழாயை, இதே வட்டியை எழுதிக் கூட்டுவான்.
அந்தச் சீட்டை அவன் பார்த்ததில்லை.
அவனுக்குக் கணக்கு
சீக்கிரம் முடிந்துவிடும்.