நன்னீர் பன்னிரண்டு தொன்

உள்துறைமுகத்தில் அந்தக் கப்பல்
நங்கூரம் போட்டு அறுபத்தெட்டு நாள்.
இப்போது மூன்றாவது பெயர் அதற்கு.
வெயில் சாய்கையில்
வெள்ளைப் பூச்சுக்குக் கீழே
பற்றவைத்த பழைய எழுத்துகள்
அம்மைத் தழும்பாய்ப் புடைத்துத் தெரியும்.

நான் தண்ணீர்ப் படகுக்குக் கணக்கு எழுதுகிறவன்.
நன்னீர், பன்னிரண்டு தொன்.
வெங்காயம், ஐம்பது கிலோ.
இன்சுலின் நாலு குப்பி,
அது பில்லில் இல்லை.
இரண்டாம் இஞ்சினியருக்கு,
என் மச்சானின் பாமசியில் கடன்.

காசு வந்தது. வந்த வழியே திரும்பியும் போனது.
வங்கியில் யசோதினி
திரையைப் பார்த்தபடி சொன்னாள்:
"பெயர் விழுந்திருக்கு அண்ணை."
எந்தப் பெயர்?
அது அவளுக்கும் காட்டாதாம்.

முதலாளி தண்ணீரை நிறுத்தச் சொன்னார்.
பன்னிரண்டை நாலாக்கினேன்.
எங்கோ ஒரு தலைநகரில்
ஓர் அரசு மனம் மாறவேண்டும் என்பதற்காக
இங்கே பத்தொன்பது பேர்
எண்ணெய்த் தகரங்களில் மழை பிடிக்கிறார்கள்.

சுக்கான் பிடிக்கிற ஜவ்பர், கிண்ணியாக்காரன்,
ஒத்துக்கொள்ள மாட்டான்.
"தடை இல்லாட்டி அவனுகள்
இன்னும் நாலு ரொக்கட் வாங்கியிருப்பானுகள்.
அதையும் எழுதுங்க உங்கட கொப்பியில."

வாங்காத ரொக்கட்டுக்கு
என் கொப்பியில் நிரல் இல்லை.

எனக்கும் ஒரு தடை தெரியும்.
கடல் கடந்து வந்ததில்லை அது.
ஈச்சிலம்பற்றுக்குப் போகிற வழியில்
மண்மூட்டைக்குப் பின்னால்
தட்டச்சில் அடித்த ஒரு தாள்:
பற்றரி, யூரியா, சீமெந்து, மெழுகுதிரி.
பெடியள் பணிவார்கள் என்று போட்டது.
இருட்டில் பிரசவம் பார்த்தோம்.
பற்றரி ஒன்றுக்கு நூறு ரூபாய் வாங்கிய
சென்றிக்காரன் ஒருவன்
தன் ஊரில் ஓட்டுவீடு கட்டினானாம்.
தடையால் நிலை மாறிய ஆள் என்று
நான் அறிந்தது அவன் ஒருவன்தான்.

அப்படிப்பட்ட நானே கேட்டும் இருக்கிறேன்.
யுத்தம் முடிந்த கையோடு, உவர்மலையில் ஒரு மண்டபத்தில்,
நீளக் கடதாசியில் கையெழுத்து வைத்தேன்:
இந்த அரசைத் தண்டியுங்கள்.
கை நடுங்கவில்லை.
வரிச்சலுகை போனது.
கொழும்பில் ஒரு கதிரையும் அசையவில்லை.
கந்தளாய்ப் பக்கம் தையல் ஆலையில்
மனைவியின் தங்கை சுபாங்கிக்கு
முதலில் ஓவர்டைம் போனது,
பிறகு மெசின்.
ஏழு வருஷத்தில் சலுகை திரும்பி வந்தது.
இடையில் ஒரு தேர்தல், ஓர் ஆட்சி மாற்றம்.
எதற்கு எது காரணம் என்று
கதைக்கிறவர்கள் கதைக்கட்டும்.
கையெழுத்து வைத்ததை
சுபாங்கிக்கு நான் இன்னும் சொல்லவில்லை.

ராத்திரி திரும்பி வருகையில்
பஸ் நிலையத்துச் சுவரடியில்
கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான் ஒன்று
அமைச்சரின் போஸ்டரைத் தின்றுகொண்டு நின்றது.
பசை ருசியாக்கும்.
ஓரங்களைச் சுற்றிச் சுற்றிக் கிழித்தது.
நடுவில் முகம்
சிரித்தபடியே இருந்தது.

காலையில் மறுபடி பார்த்தேன்.
ஒரு காது இல்லை.
மான்தான் தின்றிருக்க வேண்டும்.
அல்லது, விடிய விடிய மழை.