இருபத்தேழு

தோமித்திலா எச்சே தினமும் காலையில்
சோடா பாட்டிலுக்குள் வெப்பமானியைப் போட்டு
நான்கு பாகம் கயிறு விடுவாள்.
இழுத்துப் பார்ப்பாள்: பதினெட்டு.
சிப்பிக் கணக்கு நோட்டின் ஓரத்தில் குறிப்பாள்.
செச்சூரா வளைகுடா அப்படி.
வெயில் மண்டையைப் பிளக்கும்,
கடலில் கால் வைத்தால் எலும்பு கூசும்.

தெற்கிலிருந்து வரும் காற்றின் வேலை அது.
பெருவின் கரையை உரசி ஓடிக்கொண்டே
மேல்நீரை மேற்கே ஒதுக்கிவிடும்,
பாலின் ஆடையை ஊதி ஒதுக்குவதுபோல.
ஒதுங்கிய இடத்துக்கு அடியிலிருந்து ஏறி வரும்
வெளிச்சம் பாராத நீர்,
செத்ததையெல்லாம் உரமாகச் சுமந்து.
உரத்துக்குப் பாசி, பாசிக்கு நெத்திலி,
நெத்திலிக்கு நீர்க்காகம்,
நீர்க்காகத்தின் எச்சத்துக்குச் சாக்கோடு மனிதர்.

அதே காற்று நடுக்கோட்டில் திரும்பி
சூடான நீரையெல்லாம் தள்ளிக்கொண்டு போய்
சமுத்திரத்தின் மறுகோடியில் மேடாகக் குவிக்கும்.
அங்கே மழை. இங்கே மணல்.
அங்கே நீர் சூட்டைக் கொடுக்க, காற்று மேலேறும்;
ஏறிய இடத்தை நிரப்ப இங்கிருந்து காற்று ஓடும்.
கொடுக்கல் வாங்கல் ஒழுங்காகத்தான் நடந்தது,
நவம்பர் வரைக்கும்.

நவம்பரில் படகுக் கொடிகள் துவண்டன.
இருபது. இருபத்திரண்டு.
காற்று தளர்ந்ததால் நீர் சூடானதா,
நீர் சூடானதால் காற்று தளர்ந்ததா?
அவளுக்கும் தம்பி கசிமிரோவுக்கும்
பேச்சு நின்றுபோனதில் யார் முதல் என்று
பராச்சிக்கே துறையில் எவருக்கும் தெரியாது, அதுபோல.
ஒன்று ஒரு படி இறங்கினால்
மற்றது இரண்டு படி இறங்கும்.

மறுகோடியின் மேடு
தாங்கிப் பிடிக்க ஆளில்லாமல் சரிந்தது.
கிழக்கே திரும்பி இரண்டு மாதம் நடந்தது.
உயரம் ஒரு சாண், நீளம் ஆயிரம் மைல்:
யார் கண்ணுக்கு அது அலை?

ஜனவரி. இருபத்தேழு.
சிப்பிகள் வாய் திறந்தன, மூடவில்லை.
குளிர்நீர் இறங்கிய ஆழத்துக்கு நெத்திலியும் இறங்கியது.
நீர்க்காகங்கள்
குஞ்சுகளைக் கூட்டிலேயே விட்டுப் போயின.
தோமித்திலா எண்ணுக்குக் கீழே ஒரு கோடு போட்டாள்.
நோட்டை மூடினாள்.

பிறகு மழை.
மழையை நினைத்துக் கூரை போடாத ஊர்.
நாணற்பாயில் பூசிய மண்
மூன்றாம் இரவில் கஞ்சியாக ஒழுகியது.
பியூரா ஆறு கடலுக்கு வழி தெரியாமல்
பாலையின் பள்ளத்தில் இறங்கிப் படுத்துக்கொண்டது.

மார்ச்சில் கசிமிரோ வாசலில் வந்து நின்றான்.
"பாலைவனத்தில் மீன் கிடைக்கிறதாம்."
பதினான்கு மாதத்தில் அதுதான் முதல் வாக்கியம்.

லாரியில் படகை ஏற்றி
கடலுக்கு முதுகைக் காட்டிப் போனார்கள்.
மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் அடிவானம் மட்டும் ஏரி.
நீருக்கு மேலே தலை மட்டும் நீட்டிய மரங்கள்
(நாம் சீமைக்கருவேலம் என்று திட்டுவதன் பங்காளிகள்;
அவற்றுக்கு இதுதான் சொந்தச் சீமை).
கிளைகளுக்கிடையே மடவை துள்ளியது.
அவன் வலை விட்டான். அவள் துடுப்பு.

பழக்கம் விடாமல் பாட்டிலை இறக்கினாள்.
இரண்டு பாகத்தில் தரை தட்டியது.
"எவ்வளவு?" என்றான், திரும்பிப் பார்க்காமல்.
"முப்பது."
"ம்."

பொழுது சாய்வதற்குள் ஆறு கூடை.
பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.
சிப்பிக்கு வாங்கிய கடன் யார் பேரில் என்பதை மட்டும்
இன்னும் பேசவில்லை.