பீலி

படிவத்தில் பதினேழு கேள்விகள்.
டாக்டர் சிங்களத்தில் கேட்பார்,
நான் தமிழில் கேட்பேன்.
சன்னாசி தமிழில் சொல்வார்,
நான் சிங்களத்தில் சொல்வேன்.
எனக்குச் சம்பளம் இதற்குத்தான்.
கண்டி ஆஸ்பத்திரி, சிறுநீரகப் பிரிவு,
ஜன்னல் திறக்காத அறை.

குடிப்பாரா?
“தீபாவளிக்கு. அப்புறம், சாவு வீட்டுல.”
தீபாவளியை மட்டும் சொன்னேன்.

மருந்தைத் தவறாமல் சாப்பிடுவாரா?
இருபத்திரண்டு வருஷம்
கவ்வாத்துக் கத்தியோடு
விடிய முன்னே பிரட்டுக்களத்தில் நின்றவர்.
தவறாது என்றேன்,
அவர் வாய் திறக்கும் முன்பே.

கூப்பிட்டால் ஐந்து மணி நேரத்தில் வந்து சேர்வாரா?
போகவந்தலாவைக்கும் மேலே அந்த டிவிஷன்.
சிக்னல் கிடைப்பது கோயில் பாறையில் மட்டும்.
“மகன் பாறையில படுத்துக்குவான்” என்றார்.
சிரிக்காமல் சொன்னார்.
சிரிக்காமல் மொழிபெயர்த்தேன்.

பதினாலாவது கேள்வி.
வீட்டில் சுத்தமான தண்ணீர் உண்டா?
“பீலித் தண்ணி இருக்குங்க.
லயத்துக்குப் பின்னால, பதினெட்டுப் படி எறங்கணும்.”

பீலிக்குச் சிங்களத்திலும்
ஏறக்குறைய அதே சொல்தான்.
சொல்லியிருந்தால் புரிந்திருக்கும்,
டாக்டரும் மலைக் கிராமத்துப் பிள்ளை.
நான் குழாய் என்றேன்.
பேனா ஒரு சரி போட்டது.

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் கூலி.
கொழுந்து கிலோ குறைந்தால் அரைப் பேர்.
என் அம்மாவின் அரைப் பேர்களைக் கூட்டினால்
ஒரு வீடு கட்டியிருக்கலாம்.
அந்த அறையில் எனக்குத் தோன்றியது அவ்வளவுதான்:
இந்தப் பட்டியலிலாவது
இந்த மனுஷனுக்கு முழுப் பேர் விழட்டும்.
அவருக்குக் கீழே யார் என்று யோசிக்கவில்லை.
உண்மையாகவே யோசிக்கவில்லை.

கார்த்திகை மழையில், றம்பொடை வளைவில்,
ஒரு பையன் மோட்டார் சைக்கிளோடு விழுந்தான்.
மூளை இனித் திரும்பாது என்றபோது
கையெழுத்துப் போட்ட தாய்
ஒன்றே ஒன்று கேட்டாள்:
“நல்ல மனுஷருக்குத்தானே கொடுப்பீர்கள்?”
அதை யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.
யாரும் பதில் சொல்லவும் இல்லை.

ஒரு சிறுநீரகம் விபத்தில் நசுங்கியிருந்தது.
மற்றது இருவருக்குப் பொருந்தியது.
சன்னாசி. அப்புறம் அனுலா,
ஹங்குராங்கெத்தவில் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் வேலை,
சின்ன மகள் ஒருத்தி.
அனுலாவின் படிவத்தை யாரும் மொழிபெயர்க்கவில்லை.
அவள் சொன்னது
அவள் சொன்னபடியே இருந்தது.
இரண்டு புள்ளி வித்தியாசம்.
தண்ணீருக்கு எத்தனை புள்ளி என்று
படிவத்தின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கிறது.
இன்றுவரை திருப்பிப் பார்க்கவில்லை.

மகன் பாறையில்தான் படுத்திருந்தான்.
முதல் மணியிலேயே எடுத்தான்.

ஐந்து மாதமாகிறது.
சன்னாசிக்கு முகத்தில் வீக்கம் வடிந்து
கன்னத்து எலும்பு வெளியே வந்துவிட்டது.
செவ்வாய்க்கிழமைகளில் அனுலா மெஷினுக்கு வருகிறாள்,
ஊசி ஏறி ஏறி
கை நரம்பு கயிறாய்ப் புடைத்திருக்கிறது.
“இன்றைக்கும் மழையா மிஸ்?” என்பாள்.
மழையைப் பற்றி அவளிடம் நிறையப் பேசுகிறேன்.

மறுபடி அதே அறை, அதே கேள்வி என்றால்
அதே சொல்லைச் சொல்வேனா?
சொல்வேன் என்று இரவுகளில் நினைக்கிறேன்.
செவ்வாய்க்கிழமைகளில்
நினைக்க முடிவதில்லை.

போன கிளினிக்குக்கு வந்த சன்னாசி
முகக்கவசத்தை இறக்காமல்
ஒரு சோடாப் போத்தலை நீட்டினார்.
“நீங்க சொன்ன குழாய்த் தண்ணி மிஸ்.”
அவருக்குச் சிங்களம் தெரியும் என்று
எனக்கு அப்போதுதான் தெரிந்தது.
தீபாவளியை, குழாயை,
அவர் சொல்லாத அந்தத் ‘தவறாது’வை,
எல்லாம் கேட்டுக்கொண்டுதான்
கையை மடியில் வைத்து
உட்கார்ந்திருந்திருக்கிறார்.
“நான் கொதிக்க வச்சுத்தான் குடிக்கணும்” என்றார்.
“நீங்க சும்மாவே குடிக்கலாம்.”

போத்தல் மேசையில் இருக்கிறது.
அடியில் கொஞ்சம் மண்.
டாக்டர் அடுத்த பெயரைக் கூப்பிடுகிறார்.
ஒரு பெண், கையில் ஸ்கூல் பையில் ரிப்போர்ட்டுகள்.
கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு
மெல்லக் கேட்கிறேன்,
படிவத்தில் இல்லாத கேள்வியை:
உங்களுக்குச் சிங்களம் தெரியுமா?