பேரேட்டின் பின்பக்கம்

ஏற்காட்டில் மழை விடாத ஒன்பதாம் நாள்.
யோபு மாசிலாமணியின் பிரசங்கங்களைப் படியெடுக்கிறேன்.
யூனிடேரியன் பாதிரி. காகிதத்துக்குப் பஞ்சம் அவருக்கு.
காப்பித் தோட்டத்துக் கணக்குப் பேரேடு;
அதன் பின்பக்கத்தில்தான் கடவுளைப் பற்றி எல்லாம்.

"ஒருவரே. மூவர் அல்ல.
மூன்று மாங்காயை ஒன்றென்று சொல்லிச்
செவ்வாய்ப்பேட்டையில் விற்றுப் பாருங்கள்."
சிரித்துவிட்டேன்,
பிதா சுதன் என்று நெற்றி தொட்டு வளர்ந்தவள்.

திருவிருந்தில் இடமில்லை என்றார்கள் அவருக்கு.
அன்றைய தேதியிலும் எழுத்து சாயவில்லை:
"இயேசு நம்மைப் போல் பசித்தவர்.
அது போதாதா?"
போதாதா என்பதில் பாதியை
ராமபாணம் தின்றிருக்கிறது.

மறுபக்கத்து மை ஊறித் தெரிந்தது.
புரட்டினேன்.
அதே கை. அதே சாயாத எழுத்து.
பகலில் அவர் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை.

"சடையன், பெண்டாட்டி, மகன்.
ஆள் ஒன்று. கூலி இரண்டணா."

அடுத்த பக்கத்திலும்.
அதற்கடுத்ததிலும்
மூன்று பேர் ஒரு ஆள்.

துரை சொல்லி எழுதியிருப்பார், தெரியும்.
நானும் மாதச் சம்பளக்காரிதான்.

கடைசிப் பிரசங்கம் ஒரே வரி:
"எண்ணத் தெரிந்தவன் நான், ஆண்டவரே"
அப்புறம் வெறும் தாள்,
காப்பிக் கறையோ மையோ, ஒரு வட்டம்.

பின்பக்கம் மட்டும் போதும் என்றுதான்
என்னிடம் சொன்னார்கள்.
இரண்டையும் எழுதுகிறேன்.
சடையனுக்குக் கீழே
இரண்டு வரி காலியாக விட்டிருக்கிறேன்,
பெண்டாட்டிக்கு ஒன்று,
மகனுக்கு ஒன்று.