கோரம்

சுண்ணாம்புப் பொடியால் இருபத்தெட்டுக் கட்டம்
போட்டு வைத்திருந்தார் முனிரத்னம்,
ஹொஸ்கோட்டை தாண்டி, ஏரியை ஒட்டிய மைதானத்தில்.
சந்தா கட்டியவர்கள் இருபத்தெட்டு,
ஆகையால் கட்டமும் இருபத்தெட்டு.
வந்த வண்டி நான்கு.

முதலில் நான்கும் நான்கு மூலைக்குப் போய் நின்றன.
யாரும் சொல்லவில்லை.
நிறைந்த மாதிரி இருக்கட்டும் என்று
அவரவர்க்குத் தோன்றியிருக்கும்.
பொழுது சாய்ந்து காற்றடித்ததும்
ஒவ்வொன்றாக உருண்டு வந்து
தார்ப்பாயோடு தார்ப்பாய் உரச
ஒட்டிக்கொண்டன.

நான் பொருளாளர்.
என்னிடம் இருப்பவை: ரசீதுப் புத்தகம் ஒன்று,
ரப்பர் ஸ்டாம்ப் ஒன்று,
ஒட்டாத ஸ்டிக்கர் நானூறு.
மஞ்சள் வட்டத்துக்குள் ஆமை, அதுதான் எங்கள் சின்னம்.
ஆமை புகுந்த வீடு உருப்படாது என்றார்கள் அப்போதே.
வீடுதான் ஆமைக்குள் புகுந்திருக்கிறது என்று
சிரித்தோம்.
அமீனா பிற்பாடு வந்தார், தவணைக்கு,
இரண்டு பேர் வீட்டுக்கு.

மூன்று வாரம் ஃபோன் செய்தேன்.
பசவலிங்கப்பாவுக்குக் கண்புரை.
நயாஸ் பாஷா வண்டிக்குப் பதினைந்து வயதாகி
எஃப்.சி. மறுத்துவிட்டார்கள்.
ஆரோக்கியமேரி டீச்சரின் அபார்ட்மெண்டில்
ஏழடிக்கு மேல் உயரமானது எதுவும் நுழையக்கூடாது;
கொழுந்தன் வீட்டு வாசலில் நிறுத்தினார்.
இப்போது கொழுந்தனோடு பேச்சில்லை,
வண்டியோடும் இல்லை.
"வித்துட்டேன் மேடம்" என்றார் தனசிங்,
யார் கேட்டாலும் சொல்வதற்காக
முன்பே சொல்லிப் பார்த்து வைத்திருந்தது போல.
ஒருவருடைய எண்ணில் அவர் மகள் எடுத்தாள்.
அப்பா பாக்கி ஏதாவது வைத்திருக்கிறாரா என்றாள்.
இல்லையம்மா என்றேன்.
அறுநூறு ரூபாய் இருந்தது.

முப்பது பேருக்குக் குறைந்து
அண்டா ஏற்ற மாட்டேன் என்றவர் சமையல்காரர்.
ஒன்பது பேர் சாப்பிட்டோம். ஒரு நாயும்.

ராத்திரி பொதுக்குழு.
விதி பதினொன்று: ஒன்பது வண்டிக்குக் குறைந்தால் கூட்டம் செல்லாது.
"கோரம் இல்லை" என்று எழுதச் சொன்னார் தலைவர்.
அவர் மனைவி சில்வியா
இருட்டில் வெள்ளையாகத் தெரிந்த
இருபத்துநான்கு காலிக் கட்டங்களைப் பார்த்தார்.
"இதுக்கு மேலயும் வேணுமா?"
விதியை நான்காகக் குறைத்துவிடலாம் என்றார் முனிரத்னம்.
குறைப்பதற்கும் ஒன்பது வேண்டும்.
அதற்குத்தான் எல்லோரும் சிரித்தோம்,
கொஞ்சம் அதிக நேரம்.

மறுநாள் திரும்பும்போது டின் ஃபேக்டரியில் மாட்டிக்கொண்டோம்.
ஒரு மணி நேரத்தில் ஒரு பஸ் நீளம்.
இடப்பக்கம், சர்வீஸ் ரோட்டில்
ஆரஞ்சு நிறத்தில் ஒரு மோமோ வண்டி.
பெயிண்ட் உரிந்த பின்கதவில் மஞ்சள் தெரிந்தது,
ஓட்டில் பாதி, ஒரு கால்.
எண் பதினேழு. தனசிங்கின் வண்டி.
இறங்கிப் போனேன். அந்த ஜன்னல் திரையைத்
தைத்துக் கொடுத்தது நான்.

பிரதீப் என்றான் பையன்; டார்ஜிலிங் பக்கமாம்.
கன்னடம் என்னைவிட நன்றாகப் பேசினான்.
உள்ளே அந்த மடக்குக் கட்டில்
இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன்.
அதில்தான் நானும் தம்பியும் படுக்கிறோம் என்றான்.
எத்தனை நாளாக?
இரண்டு வருஷமாக.

வருஷத்துக்குப் பன்னிரண்டு ராத்திரி
வண்டியில் தூங்குகிறவள் நான்,
அதற்கு அடையாள அட்டை வைத்திருக்கிறேன்.

பின்னால் ஹார்ன். முனிரத்னம் கையாட்டுகிறார்,
வரிசை நகர்ந்துவிட்டது.
சந்தா, விதி, ஆமை எதுவும் சொல்ல நேரமில்லை.
மிச்சப் பிரியாணியை அண்டாவோடு இறக்கிக் கொடுத்துவிட்டு
ஓடி வந்து ஏறினேன்.
மடியில் பதிவேடு. வருகை என்ற இடத்தில்
நான்கை அடித்து ஐந்து என்று எழுதினேன்,
பக்கத்தில் ஸ்டாம்ப்.
அப்போதும் கோரம் இல்லைதான்.

அண்டா சமையல்காரருடையது.
திங்கட்கிழமை போய் வாங்கி வரவேண்டும்.