எட்டாவது முறைப்பாடு

ஏழாவதையும் நான்தான் எழுதினேன்,
நீல மையில், சம்மாந்துறைப் பிரதேச சபைக்கு:
நெல் அவித்த தண்ணீர் எங்கள் வேலியோரம் நிற்கிறது.
மூன்றாம் நாள் முட்டை அழுகின மணம்.
தைக்கத் தந்த கலியாண உடுப்பிலும் அது ஏறுகிறது.
உரியவர்கள் மூக்கோடு வந்து பார்க்கவும்.
மூக்கோடு என்பதை அடிக்கோடிட்டேன்.

வந்தவள் சபை ஆள் இல்லை.
காரைதீவுப் புள்ள, ஜனோஜினி,
ஒலுவில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள்,
சப்பாத்து நிறைய எங்கள் வாய்க்கால் சேறு.
என் மெசினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"அக்கா, சாக்கும் தைப்பீங்களா?"

இருநூற்றுப் பதினாறு சாக்கு. ஒன்றுக்கு நாற்பது ரூபா.
காசு மில்லுக்கார உதுமாலெவ்வை ஹாஜியாருடையது.
என் வாயையும் சேர்த்துத் தைத்தாயிற்று என்று
அவர் கணக்குப் போட்டிருப்பார்.
போடட்டும். நான் கோணூசியை எடுத்தேன்.

வட்டை மண், அந்த நெல் விளைந்த அதே மண்.
அந்த நெல்லின் உமி எரிந்த கரி.
மரக்காலைத் தூள்.
லேத் பட்டறையில் கூட்டி அள்ளிய இரும்புச் சீவல்,
சுருள் சுருளாய், என் பெருவிரலைக் கீறியது.
நாலையும் பிசைந்து, நிறைத்து, வாய் கட்டினோம்.

மேசன் பிஸ்றுல் தொட்டிக்குள் இறங்கி நின்று சொன்னான்:
"இது படுக்கப்போட்ட சுவர்தானே."
ஒன்றின் பொருத்துக்கு மேல் இன்னொன்றின் வயிறு,
இடையிலெல்லாம் சரளை.
தண்ணீர் எந்த வழியால் போகும் என்று கேட்டேன்.
"ரெண்டு வழியாலயும் அக்கா. சரளையில காத்திருக்கு,
அங்க ஒரு கூட்டம் வேலை செய்யும்.
சாக்குக்குள்ள காத்தில்ல, அங்க வேற கூட்டம்."
கண்ணுக்குத் தெரியுமா?
"தெரியாது."
சம்பளம்?
"மரத்தூள்தான்."

முதல் நாள் வந்தது கரித்தண்ணீர்.
ஊற்றினதைவிடக் கறுப்பு என்று ஹாஜியார் சிரித்தார்.
நானும் சிரித்தேன், வேறு காரணத்துக்கு.
வெள்ளிக்கிழமைதோறும் ஒரு சோடாப் போத்தலில் பிடித்து
திகதி ஒட்டி யன்னலில் வைத்தேன்.
கறுப்பு. பிறகு கடுந்தேநீர்.
பிறகு, சீனி போட மறந்த வீட்டுத் தேநீர்.
அளவு கொடுக்க வந்த பெண்கள்
என்ன மருந்து என்று கேட்டார்கள்.

அறுப்பு வந்தது. மில் இரவும் பகலும் அவித்தது.
இரண்டு மடங்கு ஊற்றினார்கள்.
தொட்டி மூச்சுத் திணறி மேலே குளமாய் நின்றது,
பழைய மணம், கோபித்துப் போன சொந்தக்காரன் மாதிரி,
கேட்காமலே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது.
மேல் வரிசையைக் கிளறினால்
கஞ்சி ஆடை போல வழுவழுப்பு.
"பத்து நாள் ஒண்டும் ஊத்தாம விடணும்,
காஞ்சாத்தான் திரும்ப மூச்சு விடும்."
"அறுப்பு நேரம் பத்து நாளா?
மில்லப் பூட்டச் சொல்றியா புள்ள?"

அன்றிரவு வால்வின் கைப்பிடி காணாமல் போனது.
என் மெசின் இலாச்சியில்,
பொபின்களுக்கும் பொத்தான்களுக்கும் நடுவே,
ஒன்பது நாள் கிடந்தது.
நெல்லை ஹாஜியார் நிந்தவூருக்கு அனுப்பி அவித்தார்.
பத்தாம் நாள் பிஸ்றுல் வந்து, எதுவும் கேட்காமல்,
ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு
அதை எடுத்துக்கொண்டு போனான்.

இப்போது அந்தச் சாக்குகள் உக்கியிருக்கும்.
என் தையல் ஒன்றும் மிஞ்சியிராது.
மண் மட்டும் நான் வெட்டின அளவிலேயே
இருட்டில் படுத்திருக்கிறது.

நேற்று ஹாஜியார் டைப் அடித்த தாளோடு வந்தார்:
முறைப்பாட்டை மீளப் பெறுகிறேன், கையொப்பம்.
வாசித்தேன். மடித்துக் கொடுத்தேன்.
பிறகு நீல மையில் எழுதினேன்:

மணம் குறைந்துள்ளது. தீரவில்லை.
ஒன்று வேலை செய்ய ஒன்று ஓய்வெடுக்க
இரண்டாவது தொட்டி வேண்டும்.
சாக்கு நானே தைப்பேன்.
இம்முறை அறுபது ரூபா.

இப்படிக்கு,
ஸித்தி நஸீஹா.