சிவப்புக் கோட்டுக்குக் கீழே

மலர்க்குழு கேட்டிருக்கிறது:
சங்கத்தின் அங்குரார்ப்பணக் கூட்டப் படம் ஒன்று,
தலைமை தாங்கியவர் பெயர்,
மங்கல விளக்கேற்றியவர் பெயர்.

படம் இல்லை.
விளக்கும் இல்லை. வன்னிவிளாங்குளம் தாண்டி ஒரு மதகில்
எட்டேகால் வெயில்
தானாக ஏறிக்கொண்டிருந்தது.

மல்லாவி பஸ் கொதித்து நின்றுவிட்டது.
சாரதி வாளியோடு வாய்க்காலுக்குள் இறங்கினார்.
புரட்டாதியில் வாய்க்காலில் ஏது தண்ணீர்?

பதினொரு பேர். ஏழு பள்ளிக்கூடம்.
எட்டடிக்க அதிபர் மேசையில்
அடிமட்டம் வைத்து ஒரு சிவப்புக் கோடு விழும்.
கோட்டுக்குக் கீழே மூன்றுமுறை ஒப்பமிட்டால்
அரைநாள் லீவு போய்விடும்.
பஸ்ஸுக்கு அந்தக் கோடு இல்லை.
யானை குறுக்கே நின்ற திங்கட்கிழமைக்கும்
"காரணம் ஏற்கப்படவில்லை"
என்றே பதில் வந்திருந்தது.

நேசமலர் ரீச்சர்தான் முதலில் சிரித்தா.
வயிற்றில் ஏழுமாதம். மதகுக் கட்டில் இருந்து
செருப்பைக் கழற்றி மண்ணைத் தட்டிக்கொண்டு சொன்னா:
"நாங்கள் பிந்தேல்லை. எங்களைப் பிந்த வைக்கினம்."
தன்வினைக்கும் பிறவினைக்கும்
இதைவிட நல்ல உதாரணம்
முப்பது வருடப் படிப்பிப்பில் எனக்குக் கிடைக்கவில்லை.

எழுதினேன்.
பையில் கிடந்தது கொப்பி திருத்துகிற சிவப்புப் பேனை மட்டும்.
பாடக்குறிப்பின் பின்பக்கத்தில்
தீர்மானம் ஒன்று என எழுதிக் கீழே கோடிழுத்தேன்,
அடிமட்டம் இல்லாததால் வளைந்துபோனது.

முன்மொழிந்தவர் சவரிமுத்து, விஞ்ஞானம்.
வழிமொழியக் கையுயர்த்திய பெருமாள்
பாதியில் கையை இறக்கினார்.
தோட்டத்தை விட்டு வந்து ஒரு வருடம்கூட இல்லை,
நியமனக் கடிதம் கையில் இல்லை,
சம்பளமில்லாமல் மூன்றாம் வகுப்பு.
"நான் சேரலாமா?"
தீர்மானம் இரண்டு: சேரலாம்.

சந்தா இரண்டு ரூபா.
சவரிமுத்துவிடம் சில்லறை இல்லை;
பற்றைக்குள் போய் விளாம்பழத்தோடு வந்தார்.
பொருளாளர் புஷ்பகாந்தன் கணிதம்,
ஒன்றையும் விடமாட்டார்.
வரவு: ரூபா இருபது, விளாம்பழம் ஒன்று.
செலவு: விளாம்பழம் ஒன்று.

பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம்.
அன்றைக்கு ஏழு பள்ளிக்கூடத்து வரவுப் புத்தகங்களிலும்
கோட்டுக்குக் கீழே, காரணம் என்ற நிரலில்
ஒரே வசனம், பதினொரு கையெழுத்தில்:
பிந்த வைக்கப்பட்டேன்.

பஸ் ஆறு மணிக்குப் புறப்பட நாலு வருடம் எடுத்தது.
நேசமலரின் மகள் அதில்தான்
தாயின் மடியில் இருந்து பாலர் வகுப்புக்குப் போனாள்.
வெற்றி என்று போடுவதானால் இதைப் போடுங்கள்.

பிறகு அந்தத் தாள்
யூரியாப் பைக்குள் என்னோடு நடந்தது.
எந்த எந்த ஊர் என்று கேட்காதீர்கள்,
ஒரே ஊரில் இரண்டுதரம் இடம்பெயர்ந்தோம்.
கூடாரத்துக்குள் மழை வந்த இரவில்
சிவப்பு கரைந்து தாள் முழுக்க ரோசாப்பூ நிறம்.
தீர்மானம் ஒன்று அழிந்துவிட்டது.
இரண்டாவது வாசிக்கலாம்.

அந்தக் கூடாரத்திலும் கூட்டம் வைத்தோம்.
பெருமாள் பெயர்களை வாசித்தார்.
புஷ்பகாந்தன் என்றதும்
வெளியே தண்ணீர் பவுசருக்கு ஆட்கள் ஓடும் சத்தம்.
பெருமாள் கொஞ்சம் பொறுத்தார்.
அடுத்த பெயரையும் வாசித்தார்.
அதற்கும் பொறுத்தார்.
செயலாளர் நான், பேனை கையில் இருந்தது.
வரவில்லை என்று எழுதவில்லை.
இன்றைக்கும் எழுதவில்லை.
அந்தப் பக்கத்தில் எவருக்கும் கீழே நான் கோடிழுக்க மாட்டேன்.

மதகைப் படம் எடுக்கலாம் என்று
போன கிழமை போய்ப் பார்த்தேன்.
வீதியை அகலமாக்கிக் காப்பெற் போட்டுவிட்டார்கள்.
மதகைக் காணவில்லை.
ஒரு பஸ் நிற்காமலே போனது,
நேரத்துக்குத்தான் போலிருக்கிறது.

ஆக, படத்துக்கு விட்ட இடத்தில்
வரவு செலவை அச்சடியுங்கள்.
விளாம்பழத்தை விட்டுவிட வேண்டாம்.

இதை அனுப்பத் தவணை கடந்து ஒன்பது நாள்.
நிரலில் என்ன போடுவீர்களோ தெரியாது.
இந்தமுறை தன்வினை.